வாடகைக்கு வரும் கொள்ளைநோய்க் கண்காட்சி: பள்ளிக்கூடத்துக்கு எடுக்கலாமா?

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் பள்ளிக்கூடங்களுக்கென்றே ஃப்ளெக்ஸ் கண்காட்சிகளை வாடகைக்கு விடுகிறார்கள். சூரியக் குடும்பம், விடுதலைப் போராட்டம், கீழடி என்று பல தொகுப்புகள் இருக்கின்றன. அதில் கொள்ளைநோய்களின் வரலாற்றைச் சொல்லும் தொகுப்பை, மேலூர் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு எடுத்திருந்தோம். எப்படி இருந்தது, காசுக்குத் தகுமா என்று வேறு பள்ளி ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். எடுக்கலாம். ஆனால் பேனரை வரிசையாக நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை உள்ளே அனுப்பினால் போதும் என்று நினைத்து எடுக்காதீர்கள். சில பேனர்கள் அவ்வளவு நன்றாக இருக்கின்றன, சிலவற்றில் தப்புத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், ஒன்றை நாங்கள் வெளியில் எடுக்கவே இல்லை.

முதலில் காசு விஷயம். மொத்தம் 22 பேனர், ஒவ்வொன்றும் ஆளுயரம், மடக்குகிற இரும்பு ஸ்டாண்டோடு வருகிறது. இரண்டு நாள் வாடகை 3,500 ரூபாய், முன்பணம் 2,000 ரூபாய். திருப்பிக் கொடுத்ததும் முன்பணத்தை இழுத்தடிக்காமல் உடனே தந்துவிட்டார்கள். வண்டி நம் பொறுப்பு, ஒரு குட்டியானையில் எல்லாம் அடங்கிவிடும். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் பேசி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் கைமாற்றி எடுத்தால் வண்டிச் செலவு பங்கு பிரிந்துவிடும், கட்டுப்படியாகும். ஃப்ளெக்ஸ் நல்ல கனம். எழுத்து, ஆறாம் வகுப்புப் பிள்ளை நாலடி தள்ளி நின்று படிக்கிற அளவுக்குப் பெரிசு. படங்களில் சிலது இணையத்தில் எடுத்து இழுத்துப் பெரிதாக்கினது, கிட்டப்போய்ப் பார்த்தால் கலங்கித் தெரிகிறது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு வருவோம். ஒரு கொள்ளைநோயைப் பற்றிப் பிள்ளை தெரிந்துகொண்டு போக வேண்டியது என்று நான் நினைப்பது இரண்டு: அது எப்படிப் பரவியது, அதை மனிதர்கள் எப்படி நிறுத்தினார்கள். எத்தனை கோடிப் பேர் செத்தார்கள் என்பது அதற்கு அப்புறம்தான். இந்தத் தொகுப்பைச் செய்தவர்கள் பாதி பேனர்களில் இதைப் புரிந்துகொண்டு செய்திருக்கிறார்கள். மீதிப் பாதியில் மண்டை ஓடும் சிவப்பு எழுத்தில் சாவு எண்ணிக்கையும்தான்.

புரிந்து செய்ததில் காலரா பேனருக்கு முதலிடம் கொடுப்பேன். 1854-ல் லண்டனில் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய் யார் எங்கே இறந்தார்கள், எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று விசாரித்து, வரைபடத்தில் குறித்து, பிராட் தெரு அடிபம்பைச் சுற்றித்தான் சாவு குவிந்திருக்கிறது என்று காட்டினார். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று பெரிய பெரிய மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொன்னார், கழற்றினார்கள். இந்த பேனரில் அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து, பம்பு இருக்கும் இடத்தை மட்டும் குறிக்காமல் விட்டிருக்கிறார்கள். கூடவே இரண்டு துப்பு கொடுத்திருக்கிறார்கள். அதே தெருவில் இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிப்பதில்லை, அவர்கள் சாகவில்லை. பக்கத்தில் இருந்த ஏழைகள் விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது, அங்கேயும் சாவு குறைவு. இதை வைத்துப் பிள்ளைகளே பம்பைக் கண்டுபிடிக்க வேண்டும், விடை பேனரின் பின்பக்கம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "நம்ம ஊர் ஊருணி, குழாயடி, போர்வெல் எல்லாத்தையும் இப்படி வரைஞ்சு யார் வீட்டுக்கு எந்தத் தண்ணி போகுதுன்னு குறிக்கலாமா டீச்சர்" என்று கேட்டான். குறித்தார்கள். அந்தப் படம் இப்போது வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. இந்த ஒரு பேனருக்காகவே வாடகை கொடுக்கலாம்.

அதற்குப் பக்கத்திலேயே உப்பு சர்க்கரைக் கரைசல் பேனர். 1971-ல் வங்கதேசப் போரில் அகதிகளாக வந்த லட்சக்கணக்கானவர்கள் எல்லையோர முகாம்களில் அடைந்து கிடந்தபோது காலரா பரவியது. மேற்கு வங்க எல்லையில் இருக்கும் பொங்காவ் மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோக, திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த தண்ணீரை டிரம் டிரம்மாகக் கரைத்து வாய்வழியாகவே குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 சதவீத வாக்கில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. படித்த நர்ஸ் தேவையில்லை, கூட இருக்கும் அம்மாவோ அண்ணனோ டம்ளரில் ஊட்டினால் போதும் என்பதுதான் இதில் பெரிய விஷயம். வீட்டில் செய்யும் அளவும் பேனரில் இருக்கிறது: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வந்திருந்த அம்மாக்கள் நிறையப் பேர் இதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு குறை என்னவென்றால், சர்க்கரை எதற்கு என்று விளக்கவில்லை. பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள், தயாராக இருங்கள். காலராக் கிருமியின் நச்சு குடலிலிருந்து உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்ட வைக்கிறது, ஆனால் சர்க்கரையோடு சேர்த்து உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் வழியை அது கெடுப்பதில்லை, உப்பு உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். அந்த நச்சைப் பரிசோதனையில் நிரூபித்துக் காட்டியவர் கொல்கத்தாவின் சம்பு நாத் தே, 1959-ல். அவர் பெயர் பேனரில் இல்லை, நாங்கள் ஒரு அட்டையில் எழுதி ஒட்டினோம்.

பெரியம்மை பேனர் இரண்டு. ஜென்னர் என்ற ஆங்கிலேய டாக்டர் 1796-ல் மாட்டம்மைப் பாலை வைத்துக் குத்தினதில் தொடங்கி, 1977-ல் சோமாலியாவில் இயற்கையாகப் பரவி வந்த கடைசி நோயாளி வரைக்கும், 1980 மே 8 அன்று உலக சுகாதார சபை நோய் ஒழிந்தது என்று அறிவித்தது வரைக்கும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் இந்த ஒரு நோய்க்கு 30 கோடிப் பேர் வரை பலியாகியிருப்பார்கள் என்பது மதிப்பீடு. அப்படிப்பட்ட நோய் இன்று உலகத்தில் எங்குமே இல்லை என்பதைப் பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. ஏன் இதை மட்டும் ஒழிக்க முடிந்தது என்று ஒரு கட்டம் இருக்கிறது, நன்றாக இருக்கிறது. மனிதனைத் தவிர வேறு உயிரில் அந்தக் கிருமி தங்காது, நோய் வந்தால் முகத்திலேயே தெரியும், ஒரு தடவை குத்தினால் பல வருஷம் பாதுகாப்பு நிற்கும். இந்தியாவில் 1974-ல் பீகாரில் மிக மோசமாகப் பரவிய பிறகு, சுகாதாரப் பணியாளர்கள் அம்மைப் படம் போட்ட அட்டையோடு வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள், தகவல் கொடுத்தவருக்குப் பரிசுப் பணம், நோயாளி கிடைத்ததும் சுற்றியிருக்கிறவர்களுக்கெல்லாம் ஊசி. மறு வருஷமே, 1975-ல், நம் நாட்டில் கடைசி நோயாளி. ஒரு வருஷத்தில் என்னென்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இருக்கிறதா என்று தெரியவில்லை.

இந்த இரண்டு பேனருக்கு முன்னால்தான் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். முன்கையில் வட்டமாக இருக்கும் அம்மை குத்தின தழும்பைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். ஒரு அப்பத்தா, "அம்மை குத்த வாராகன்னு சொன்னாலே நாங்க சோளக்காட்டுக்குள்ள ஓடிருவோம், எங்கய்யாதான் இழுத்துட்டு வந்து கையை நீட்ட வெச்சாரு" என்று சொன்னார்கள். அப்போது எனக்கு அந்த பேனரின் கீழ்ப்பகுதியை மறைக்க வேண்டும் போல் இருந்தது. ஏனென்றால் அங்கே வேப்பிலைத் தோரணத்தையும் அம்மன் கோயிலையும் படம் போட்டு "மூடநம்பிக்கை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மை குத்தினால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று பயந்து ஒளிந்தவர்கள் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியாள் உள்ளே போகமாட்டார், தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் நோயாளி ஒரு மூலையில்தான், அந்த வீட்டுக்காரர்கள் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். அதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். தழும்பைக் காட்டிப் பேசக்கூடிய அப்பத்தாக்களை ஒரு வார்த்தையில் வாயடைக்க வைத்துவிட்டு அப்புறம் யாரிடம் போய்க் கதை கேட்பது? கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899-லிருந்து சென்னை மாகாணத்துக்கே அம்மைப்பால் தயாரித்துக் கொடுத்தது, அந்த இடத்தில் அதைப் போட்டிருக்கலாம்.

ஏதென்ஸில் கி.மு. 430-ல் வந்த கொள்ளைநோய், ரோமானியப் பேரரசில் கி.பி. 165-ல் தொடங்கினது, இவற்றுக்கு ஆளுக்கொரு பேனர். சுமார்தான். துசிடிடிஸ் என்ற வரலாற்றாசிரியர் தானே அந்த நோயில் விழுந்து பிழைத்து எழுந்து அதன் அறிகுறிகளை எழுதி வைத்தார் என்ற ஒரு தகவல் மட்டும் பிள்ளைகள் மனதில் நின்றது. மெக்சிகோவில் 1520-ல் ஸ்பானியர்களோடு வந்த பெரியம்மை ஆஸ்டெக் மன்னரையே கொண்டுபோனது பற்றிய பேனர் அதைவிடப் பரவாயில்லை, இதுவரை அந்த நோயையே பார்த்திராத மக்களிடம் ஒரு கிருமி வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதை நன்றாகச் சொல்கிறது.

இனிமேல் தப்புகள். பிளேக்குக்கு மூன்று பேனர் ஒதுக்கியிருக்கிறார்கள், 541-ல் ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் வந்தது, 1346 முதல் 1353 வரை ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு மக்களையாவது கொன்றது, பிறகு 1894-ல் ஹாங்காங்கிலிருந்து உலகம் சுற்றியது. நடு பேனரில் பறவை மூக்கு முகமூடி போட்ட டாக்டர் படம். பார்க்க எடுப்பாக இருக்கிறது, பிள்ளைகள் அதைத்தான் போய்ப் பார்க்கிறார்கள், ஆனால் அந்த உடுப்பு 17-ஆம் நூற்றாண்டில் வந்தது, நோய்க்கும் அதற்கும் நடுவே கிட்டத்தட்ட 300 வருஷம் இடைவெளி. இதை இணையத்தில் எல்லோரும் தப்பாகவே போடுகிறார்கள், இவர்களும் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். இதையாவது மன்னிக்கலாம். மூன்றாவது பேனரில் எர்சின் என்ற விஞ்ஞானி பிளேக் கிருமியைக் கண்டுபிடித்ததைப் போட்டுவிட்டு இந்தியாவை ஒரே வரியில் முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மூன்றாவது பிளேக்கில் உலகத்தில் இறந்தவர்களில் மிகப் பெரும்பான்மையானவர்கள் இந்தியர்கள், ஒரு கோடிக்கும் மேல். 1896-ல் பம்பாயில் தொடங்கியது. ஹாஃப்கின் என்பவர் பம்பாயிலேயே தடுப்பூசி தயாரித்து 1897 ஜனவரி 10 அன்று முதலில் தன் உடம்பில் குத்திக்கொண்டார், அப்புறம்தான் பைகுல்லா சிறைக் கைதிகளில் முன்வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதே 1897-ல் கொண்டுவந்த கொள்ளைநோய்ச் சட்டத்தைத்தான் 2020-லும் எடுத்துப் பயன்படுத்தினோம். வீடு புகுந்து சோதனை, பெண்களை வெளியில் நிறுத்திப் பரிசோதனை, முகாமில் அடைப்பு என்று அன்று நடந்த கெடுபிடிகளில் ஆத்திரம் பொங்கித்தான் புனேவில் பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது வரலாற்றுப் பாடமும்தான், அறிவியல் பாடமும்தான். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. ராமேஸ்வரம் ரயிலில் போகிறவர்கள் எல்லோரும் மண்டபம் கேம்ப் ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் பக்கத்துக் கூலி ஜனங்களை நோய் இருக்கிறதா என்று பார்த்து, குளிப்பாட்டி, ஊசி போட்டு, நாள் கணக்கில் அடைத்து வைத்து அப்புறம் கப்பலேற்றிய முகாம் அது. இதைவிடப் பக்கத்தில் ஒரு எடுத்துக்காட்டு கிடைக்குமா?

அடுத்தது 1918 இன்ஃப்ளூயன்சா. ஸ்பெயின் கொடியைப் போட்டு "ஸ்பெயினில் தோன்றிய" என்று எழுதியிருக்கிறார்கள். இது கண்டிப்பாகத் திருத்த வேண்டிய தப்பு. முதல் உலகப் போரில் ஸ்பெயின் எந்தப் பக்கமும் சேரவில்லை, அங்கே பத்திரிகைகளுக்குக் கட்டுப்பாடு இல்லை, அரசரே காய்ச்சலில் படுத்தது வரை எழுதினார்கள். சண்டையில் இருந்த நாடுகள் தங்கள் ஊரில் நோய் பரவுவதை அமுக்கி வைத்திருந்தன. வெளிப்படையாகச் சொன்ன நாட்டின் தலையில் பெயர் விழுந்துவிட்டது. 1918 மார்ச்சிலேயே அமெரிக்காவில் கான்சாஸ் ராணுவ முகாமில் நோயாளிகள் குவிந்ததற்குப் பதிவு இருக்கிறது. ஒரு ஊரின் பெயரை நோய்க்கு வைத்தால் அந்த ஊர்க்காரர்கள் நூறு வருஷத்துக்கும் அந்தப் பழியைச் சுமக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு நான் உட்கார வைத்துச் சொன்னேன்.

இதிலும் இந்தியா இல்லை! உலகத்திலேயே அந்தக் காய்ச்சலில் அதிகம் பேர் செத்தது இங்கேதான், 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரை மதிப்பீடு சொல்கிறார்கள். 1918 ஜூன் வாக்கில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, செப்டம்பருக்குப் பிறகு ரயில் பாதை வழியாக நாடெங்கும் போனது. அந்த வருஷம் மழை பொய்த்து தானிய விலை ஏறிக்கிடந்தது, மருத்துவர்கள் பலர் போர்முனையில். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். மேற்கிலும் நடுப்பகுதியிலும் விழுந்த அடி சென்னை மாகாணத்தில் அவ்வளவு விழவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரலாற்றில் இந்தியாவின் ஜனத்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911 முதல் 1921 வரைதான். பேனரில் இருப்பது பாஸ்டன், லண்டன் ஆஸ்பத்திரிப் படங்கள். வேறொன்றும் இல்லை.

நாங்கள் வைக்காமல் மடித்தே வைத்த பேனர் எச்.ஐ.வி. பற்றியது. கறுப்புப் பின்னணி, எலும்பும் தோலுமான ஒரு உருவம், மேலே "உயிர்க்கொல்லி" என்று எழுத்து. நம் பள்ளிக்கூடங்களில் இந்தக் கிருமியோடு பிறந்து, தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, நன்றாகப் படித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருக்கும் பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளை நண்பர்களோடு இந்தப் படத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டுமா? இதை எந்தப் பள்ளியிலும் வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தியாவில் இந்தத் தொற்று முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான், 1986-ல். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள், ரத்த மாதிரிகளைக் கொண்டுபோய்ச் சோதிப்பதற்கே அவர்கள் எவ்வளவு சிரமப்பட்டார்கள் தெரியுமா. 2004 ஏப்ரலிலிருந்து அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம், தாம்பரம் மருத்துவமனை அதைத் தொடங்கின முதல் இடங்களில் ஒன்று. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழலாம். இதைச் சொல்லும் பேனர் வந்தால் முதல் ஆளாக நான் எடுக்கிறேன்.

இத்தனை விடுபட்டிருக்கிறதே என்று நம் பக்கத்து விஷயங்களை மட்டும் பிள்ளைகளை வைத்தே பெரிய சார்ட்டுகளில் எழுதினோம். நீங்களும் எடுத்தால் இதைச் செய்யுங்கள், அதற்காகவே விவரம் தருகிறேன். முதல் சார்ட் மதுரை, 1344 வாக்கில். மதுரையை சுல்தான்கள் ஆண்ட காலம். மொராக்கோவிலிருந்து வந்த பயணி இப்னு பதூதா இங்கே வந்தபோது ஊரில் ஒரு கொள்ளைநோய். படுத்தவர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மிஞ்சினால் நாலாம் நாளோ செத்துப்போனார்கள், வெளியில் போனால் நோயாளியையோ பிணத்தையோதான் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறார். நல்ல உடல்நலம் என்று சொல்லி விற்ற ஒரு அடிமைப் பெண்ணை வாங்கியிருக்கிறார், மறுநாள் அவள் இறந்துவிட்டாள். சுல்தானின் அம்மா, மனைவி, ஒரே மகன் எல்லோரும் போனார்கள். கடைசியில் இப்னு பதூதாவுக்கே காய்ச்சல் வந்து, இங்கே நிறையக் கிடைக்கிறதே என்று புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு போய், பிழைத்துக்கொண்டார். அது என்ன நோய் என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. நம் ஊர், நம் வீட்டுப் புளி என்றதும் பிள்ளைகளுக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! அதே மனிதர் நாலு வருஷம் கழித்து, 1348-ல், டமாஸ்கஸில் பிளேக் பரவும்போது அங்கே இருந்தார். மூன்று நாள் நோன்பிருந்து முஸ்லிம், யூதர், கிறிஸ்தவர் எல்லோரும் அவரவர் வேதப் புத்தகத்தோடு ஒன்றாக நடந்துபோய் வேண்டிக்கொண்டதை எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர், திருநெல்வேலிச் சீமைகளில் அடித்த பெருங்காய்ச்சல். கிழக்கிந்தியக் கம்பெனி அரசு, மருத்துவர்கள் கொண்ட குழுவை அனுப்பி காரணத்தை விசாரித்து அறிக்கையே வாங்கியது. கொசு என்று யாருக்கும் தெரியாத காலம். ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்தது 1897-ல்தான், செகந்திராபாத்தில். மூன்றாவது தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. பசியில் ஊர்விட்டு ஊர் நடந்த ஜனங்களோடும் கஞ்சித்தொட்டி முகாம்களோடும் காலராவும் சேர்ந்து நடந்தது. பட்டினி கொன்றது யாரை, காலரா கொன்றது யாரை என்று பிரிக்கவே முடியாது. நாலாவது காசநோய். தோப்பூர் காசநோய் ஆஸ்பத்திரி தெரியாத மதுரைக்காரர் யார். 1950-களில் சென்னையில் நடந்த ஒரு ஆராய்ச்சிதான் காசநோயாளியை மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டியதில்லை, மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால் நெருக்கடியான ஏழை வீட்டிலும் அதே அளவுக்குக் குணமாகும், வீட்டில் இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றுவதில்லை என்று நிரூபித்தது. உலகமே அதற்குப் பிறகு வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. இன்றைக்கும் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொல்லும் நோய்க்கு இந்தத் தொகுப்பில் ஒரு பேனர்கூட இல்லாதது பெரிய ஓட்டை.

கடைசி பேனர் கொரோனா. "வென்றோம்" என்று தலைப்பு. வைரஸ் எப்படி உடம்புக்குள் போகிறது, தடுப்பூசி என்ன செய்கிறது என்ற படம் தெளிவாக இருக்கிறது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் உலகத்தில் பதிவான சாவு மட்டும் 70 லட்சத்துக்கு மேல், 2020, 2021 இரண்டு வருஷத்தில் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக 1 கோடியே 49 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு மதுரை ராஜாஜி மருத்துவமனையில், 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கின அதே நாள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஜனம் கூட முடியவில்லை. அப்பாவையோ தாத்தாவையோ இழந்த பிள்ளைகள் எங்கள் பள்ளியிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தத் தலைப்பு என்ன சொல்லும்? தலைப்பின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, பக்கத்தில் ஒரு வெற்றுச் சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் வைத்தோம். வருகிறவர்கள் விருப்பப்பட்டால் அந்த நாட்களில் தங்கள் வீட்டில் நடந்ததை எழுதலாம் என்று சொன்னோம். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் சார்ட் நிறைந்து இன்னொன்று ஒட்ட வேண்டியிருந்தது. ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்தது, கடைசியாக முகம் பார்க்க முடியாமல் போனது, தெருவுக்குச் சாப்பாடு கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணன், எல்லாம் எழுதியிருந்தார்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது தப்புகளை ஒரு தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்தேன். முகம் சுளிக்கவில்லை. உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "சொன்னாத்தான டீச்சர் தெரியும், இதுவரைக்கும் எடுத்துட்டுப் போனவுக யாரும் ஒண்ணும் சொல்லலை" என்றார். ஸ்பெயின் பேனரையும் எச்.ஐ.வி. பேனரையும் மறுபடி அடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், காசநோய்க்கு ஒன்று புதிதாகச் சேர்க்கவும் சம்மதித்திருக்கிறார், எழுதித் தரும் பொறுப்பு என்னுடையது. எப்போது வரும் என்று தேதி சொல்லவில்லை. அதுவரை எடுக்கிறவர்கள் இந்த இரண்டையும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மற்ற 20 பேனருக்கு வாடகையைக் கொஞ்சம் குறைத்தும் தருவார், கேட்டுப் பாருங்கள்.

கிளம்பும்போது இன்னும் இரண்டு விஷயம். ஸ்டாண்டின் கால் கனமில்லை, வராந்தாவில் வைத்தால் காற்றுக்குச் சாய்கிறது, மேலே கம்பியில் கயிறு கட்டிவிடுங்கள் அல்லது காலில் செங்கல் வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் கண்காட்சி வைக்கும் பள்ளிகள் நிறைய, அந்த மாதங்களில் இந்தத் தொகுப்பு கிடைப்பது கஷ்டம். அரைப் பரீட்சைக்கு முன்பே போய் தேதி சொல்லி வைத்துவிடுவது நல்லது.